நிறுத்திக்கொள்ள ஓர் இடம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகத் தனியே சைக்கிளில் போகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் வானத்தைக் காட்டித்தான் தடுப்பார்கள். புயல் வரும், இடி விழும், ஆற்றில் வெள்ளம் போகும் என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழையும் காற்றும் வந்த பிறகும் நிறுத்த வழியில்லாமல் ஓட்டிக்கொண்டே போக நேர்வதுதான் அது. நவம்பர் மாதத்தில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்; மேகம் மூடிய நாளில் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பதிவு செய்த விடுதி இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் ஒதுங்க இடமில்லை என்றால், பயணி ஓட்டத்தான் செய்வார். நனைந்த சாலை, எதிரே வரும் வண்டிகளின் கண்கூசும் விளக்கு, சரக்கு லாரி தாண்டும்போது சுழன்றடிக்கும் காற்று என்று கழியும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உயிர் ஊசலாடுகிறது. ஆகவே, கடலோரச் சாலையில் இருபத்தைந்து அல்லது முப்பது கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், முன்பதிவு கேட்காமல், சைக்கிளில் வருபவரை ஓர் இரவு தங்கவிடும் எளிய ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். சுற்றுலாவுக்கான அலங்காரமாக இதைக் கேட்கவில்லை, சாலைப் பாதுகாப்புக்காகக் கேட்கிறேன்.

இந்தப் பருவத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல். ஆனால் அது நாள் தவறாமல் பெய்யும் மழை இல்லை. வங்கக் கடலில் தாழ்வுநிலை ஒன்று உருவாகி நெருங்கினால் இரண்டு மூன்று நாள் அடைமழை பிடிக்கும். அது கரையேறிக் கலைந்ததும் வானம் வெளிவாங்கி, அடுத்த சில நாள்கள் இதமான வெயிலோடு கழியும். சென்னையில் இந்த மூன்று மாதங்களில் மழை நாளாகக் கணக்கில் சேர்பவை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடலோரத்தில் இந்தப் பருவ மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் வலுக்கிறது. இரவில் நிலம் குளிர்ந்துவிட, கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். கரையை ஒட்டிய கடல்மேல் திரளும் மேகங்கள் அந்த நேரத்தில் கரைக்கு வந்து கொட்டுகின்றன. பகலில் சைக்கிள் மிதிப்பவருக்கு இது பெரிய அனுகூலம். இரவில் கூடாரத்தில் படுப்பவருக்கு இதுவே சோதனை. எந்த ஊர்வரை மிதித்தோம் என்பதைவிட எங்கே படுத்தோம் என்பதுதான் இந்தக் கரையில் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. நவம்பரில் வீசும் வடகிழக்குக் காற்று, தெற்கு நோக்கிப் போகிறவரின் இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். வேதாரண்யம் தாண்டி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் மேற்கே திரும்பும்போதும் அது முதுகுக்காற்றுதான். அதே சாலையில் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வருபவர் நாள் முழுதும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தடுக்கும் விசை நான்கு மடங்காகும். கூடாரமும் துணியும் சமையல் சாமானும் கேரியரின் இருபுறமும் தொங்கும் சைக்கிளில் அதைத் தாங்குவது எளிதில்லை. எதிர்காற்றாவது வேகத்தைக் குறைப்பதோடு விட்டுவிடும். பக்கக்காற்று ஆளையே சாலையின் நடுவுக்குத் தள்ளும். முட்டுக்காடு, பாலாறு, கொள்ளிடம் போன்ற முகத்துவாரங்களிலும், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாம்பன் சாலைப் பாலத்திலும் மறைப்பே கிடையாது. புயல் நெருங்கினாலோ திசையும் நிலைக்காது. புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வின் மையம் இடப்பக்கம் இருக்கும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. கடலோரச் சைக்கிள் பயணிக்கும் அது உதவும்.

இவ்வளவும் தெரிந்தவர் முன்னறிவிப்பைப் பார்த்துத் திட்டமிட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கொரு எச்சரிக்கை வரை வெளியிடுகிறது. சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு மீனவருக்குக்கூடக் கிடைக்காத வசதி இது. ஆனாலும் பத்து, பன்னிரண்டு நாள் நீளும் பயணத்தை முதல் நாளே திட்டமிட்டு முடிக்க இந்தக் கடல் விடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, குமரிக் கடலில் ஒரே நாளுக்குள் புயலாக வலுத்தது. கடலுக்குப் போயிருந்தவர்களுக்குத் தகவல் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலாக மாறாமலே கரைசேரும் என்று ஒரு கட்டத்தில் கருதப்பட்டது. பிறகு அது புயலானது, நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வானிலையாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளையைப் பற்றி ஓரளவு உறுதியாகவும் நாலாம் நாளைப் பற்றிக் குறைவாகவும்தான் சொல்ல முடியும் என்பது அறிவியலின் இன்றைய எல்லை. அந்த எல்லைக்குள் பயணம் செய்கிறவருக்கு, எந்த நாளிலும் எந்த ஊரிலும் திட்டத்தைக் கைவிட்டு நிற்கும் சுதந்திரம் வேண்டும். முன்பணம் கட்டிய விடுதிகளின் வரிசை அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது.

விடுதிகள் இருக்கும் இடங்களும் சீராக இல்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே தங்கும் இடங்கள் மலிந்திருக்கின்றன. அவற்றில் பல, சைக்கிளில் ஊர் சுற்றும் ஒரு மாணவரின் கைக்கு எட்டாத வாடகை கேட்பவை. நாகூர், வேளாங்கண்ணி, ராமேசுவரம், திருச்செந்தூர் எல்லாம் யாத்திரைத் தலங்கள், அங்கே குறையில்லை. நடுவில் கிடக்கும் நீண்ட பகுதிகள்தான் சிக்கல். மணமேல்குடியிலிருந்து தொண்டி, தேவிபட்டினம் வரையிலும், ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரையிலும் நூறு கிலோமீட்டர் அளவுக்கு உப்பளமும் பனங்காடும் உடைமரமுமாக நீளும் நிலம். தமிழ்நாட்டுச் சாலைகளோ நாட்டிலேயே ஆபத்து மிகுந்தவற்றுள் சேர்ந்தவை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,000-க்கு மேற்பட்ட சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்படுத்தப்படும்போது வண்டிகளின் வேகமும் கூடுகிறது. ஓரத்தில் சைக்கிளுக்கென ஒரு முழம் விடப்பட்டதா என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் இல்லை. இந்தச் சாலையில் இருட்டிய பிறகு, மழையில், ஒரு சைக்கிள்காரர் இருக்கவே கூடாது. அவர் இல்லாமலிருக்க வேண்டுமானால் இருட்டுவதற்கு முன் அவர் நுழைய ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

இது நம் மண்ணுக்குப் புதிய எண்ணம் இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் செல்லும் வழியில் கட்டிய சத்திரங்களின் வரிசை இதே நோக்கத்தில் எழுந்ததுதான். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நடந்து போகும் யாத்திரிகர் எந்தச் சாதி, எந்த ஊர் என்று பாராமல் தங்கவும் உண்ணவும் இடம் பெற்றார் என்றும், நோயுற்றவர் தேறும்வரை கவனிக்கப்பட்டார் என்றும் சத்திரங்கள் பற்றிய வரலாறு சொல்கிறது. மன்னர் காலத்தை விடுங்கள். ஒவ்வோர் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் வேளாங்கண்ணிக்குக் காவி உடையில் நடந்து போகிறவர்களுக்கு இதே சாலையில் ஊருக்கு ஊர் பந்தலும் தண்ணீரும் சாப்பாடும் படுக்கப் பள்ளிக்கூட வராந்தாவும் கிடைக்கின்றன. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் அப்படியே. தன் காலின் பலத்தில் வருகிற வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்தக் கரையோர மக்களின் பழக்கத்திலேயே இருக்கிறது. திருவிழாக் காலத்தோடு அது சுருங்கிவிடாமல் ஆண்டு முழுதும் இருக்கும்படி செய்வதுதான் மிச்சமுள்ள வேலை.

வெளிநாட்டு உதாரணங்களில் நமக்கு நெருக்கமானது தைவான். அங்கும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவக்காற்று கரையை அறைகிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் டைஃபூன் வரும். ஆனாலும் தீவைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வருவது அங்கே இளைஞர்களின் கனவாகிவிட்டது. ஜயண்ட் சைக்கிள் நிறுவனத்தை நிறுவிய கிங் லியு 2007-இல் தம் 73-ஆம் வயதில் அந்தச் சுற்றை முடித்தது அந்தக் கனவை மேலும் பரப்பியது. 2015 முடிவில் 900 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுற்றுப்பாதையை அரசு அடையாளப் பலகைகளுடன் திறந்தது. பாதையைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. வழியிலுள்ள காவல் நிலையங்கள் பல, சைக்கிள் பயணிகளுக்கு இளைப்பாறும் இடங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. குடிநீர், கழிப்பறை, காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் கருவி ஆகியவை அங்கே கிடைக்கும். கிழக்குக் கரையில் மழையால் மலைச்சாலை மூடப்பட்டால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். அதைத் தோல்வியாக யாரும் எண்ணுவதில்லை. ஏற்கெனவே இருந்த கட்டடங்களின் வாசலில் வழிப்போக்கருக்கும் இடமுண்டு என்று எழுதி வைத்ததுதான் தைவான் செய்த பெரிய காரியம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையும் மழைக்கும் காற்றுக்கும் பேர்போனது. நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது ஒரு சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்று 1971-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் அது. கடலோர மாநிலப் பூங்காக்களில் நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கென்று தனி மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பதிவு கிடையாது, கட்டணமும் காரில் வருபவர் தருவதில் சிறு பகுதிதான். காரில் வருபவரை நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அவர் அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சைக்கிளில் வருபவருக்கு அடுத்த ஊர் என்பது நாளைய வேலை. இந்த வேறுபாட்டை ஒரு விதியாகவே எழுதிவைத்த நிர்வாகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஏன் போக வேண்டும், தை பிறந்த பிறகு போகக் கூடாதா என்பது முதல் கேள்வி. போகலாம், அதுவே நல்லதும்கூட. ஆனால் விடுமுறை எல்லோருக்கும் தை மாதத்தில் வாய்ப்பதில்லை. கோடை விடுமுறையில் நிழலே இல்லாத உப்பளச் சாலையில் வெயிலில் மிதிப்பது மழையில் மிதிப்பதைவிடக் கொடியது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பருவமழைக் காலத்தில் பயணிகள் அந்தச் சாலையில் இருப்பார்கள். சிவப்பு எச்சரிக்கை விடுத்த மாவட்டத்தில் யாரும் சைக்கிளில் போகக் கூடாது என்று தடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், போகாதே என்று சாலையில் மறிக்கும் காவலர் அடுத்த நொடியே, இங்கே தங்கிக்கொள் என்று ஓரிடத்தைக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் மறித்த பயணி வேறு வழியாக, இன்னும் இருட்டில், இன்னும் மோசமான சாலையில் போவார்.

பேரிடர் நேரத்தில் வருவாய்த் துறையும் காவல் துறையும் குடிசைவாசிகளைக் காப்பாற்ற ஓடும்போது, ஊர்சுற்றிகளையும் சுமக்க வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. இது கனமான மறுப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மக்கள் இழந்ததை நினைத்தால், பயணியின் தேவை எவ்வளவு சின்னது என்று தெரியும். கடலோர மாவட்டங்களில் உலக வங்கி உதவியோடு நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டுள்ளன. அவை அந்தந்த ஊர் மக்களுடையவை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பயணிக்கு அங்கே முன்னுரிமை எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் எச்சரிக்கை இல்லாத, வெறும் இடிமழை பெய்யும் சாதாரண இரவுகளில் அவற்றின் கீழ்த்தளத்தையோ சுற்றுச்சுவருக்குள் இருக்கும் திடலையோ திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? பூட்டியே கிடக்கும் கட்டடம் பழுதாகும். அவ்வப்போது விளக்கெரிந்து, தண்ணீர்க் குழாய் பார்க்கப்பட்டு, சாவி யாரிடம் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும் கட்டடம்தான் புயலன்றும் பயன்படும். பதிவேட்டில் பெயரும் அடுத்த ஊரும் எழுதிவிட்டுப் போகும் பயணியைத் தேடுவதும் எளிது. யாருக்கும் தெரியாமல் சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்துக் கிடப்பவரைத் தேடுவதுதான் நிர்வாகத்துக்கு உண்மையான சுமை.

கூடாரம் என்றதும், கடற்கரை மணலிலேயே அடித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்கும் சைக்கிள் ஆர்வலர்களோடு நான் உடன்படவில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அப்படியொரு உரிமையைத் தந்ததை அவர்கள் சுட்டுவார்கள். அங்கேயே லோமண்ட் ஏரிக் கரையில் கூட்டம் மிகுந்து, குப்பை சேர்ந்ததால் 2017-இலிருந்து பருவகாலக் கட்டுப்பாடு கொண்டுவர நேர்ந்தது. நம் கடற்கரையோ ஆளற்ற வெளியே இல்லை. படகு ஏற்றி நிறுத்துவது, வலை உலர்த்துவது, கருவாடு காயவைப்பது என்று அது மீனவர்களின் தொழிற்கூடம். விடியுமுன் அங்கே பெண்களும் ஆண்களும் வேலைக்கு வந்துவிடுவார்கள். அங்கே கேட்காமல் கூடாரம் அடிப்பது பிறர் களத்துமேட்டில் போய்ப் படுப்பதுதான். டிசம்பர் கடைசியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். ஒரு டார்ச் வெளிச்சம் போதும், குஞ்சுகள் திசை மாறிவிடும். ராமநாதபுரம், நாகைக் கரைகளில் இரவில் மணலில் அந்நியர் ஒருவர் இருந்தால் கடத்தல்காரரோ என்று கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஐயப்படுவதில் தவறு காண முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலே இருக்கிறது. குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் பேரலை, வானம் தெளிந்திருக்கும்போதே, எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் விளைவாகத் திடீரென ஏறிவரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் பலியானபோது அத்தகைய அலைக்கான எச்சரிக்கை நடப்பில் இருந்தது. உள்ளே, மேட்டுநிலத்தில், ஊரின் சம்மதத்தோடு ஓரிடம் கிடைத்தால், மணலில் படுக்க வேண்டிய தேவையே எழாது. தென்னந்தோப்பும் அதற்கு மாற்றில்லை. காற்று வலுத்த இரவில் மட்டையும் காயும் விழும் இடம் அது.

தனியாகப் போவதே தவறு, கூட்டமாகப் போகட்டும் என்பவர்களும் உண்டு. கூட்டத்துக்கு வழிகாட்டியும் பின்தொடரும் வேனும் சேர்ந்துகொள்ளும். அது பணம் உள்ளவர்களின் பயணமாகிவிடும். தனியே போகிறவருக்குச் செலவு குறைவு, அடக்கமும் அதிகம். வழி கேட்க வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், கடைத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கி ஊர்க் கதை கேட்க வேண்டும். அப்படிப் பார்க்கப்படும் கரை, கார் கண்ணாடி வழியாகப் பார்க்கப்படும் கரையைவிட எத்தனையோ மடங்கு விரிந்தது. மீனவர் வாழ்வையும் உப்பளத் தொழிலையும் அறியாத நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த கல்வி எனக்குத் தெரியவில்லை. தனியே போக விரும்பும் பெண்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் முக்கியம். இன்றைக்கு அவர்களைத் தடுப்பது மழையில்லை, இரவு எங்கே என்ற கேள்விதான். அரசுப் பெயர்ப்பலகை உள்ள, தாழ்ப்பாள் உள்ள, பெண் காவலரின் தொலைபேசி எண் எழுதப்பட்ட ஓர் அறை முப்பது கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். புயல் பாதுகாப்பு மையம், ஊராட்சி சமுதாயக் கூடம், சம்மதம் தரும் தேவாலய, கோயில், தர்கா வளாகங்கள், நெடுஞ்சாலைக் காவல் நிலையம் என்று ஏற்கெனவே இருப்பவற்றைப் பட்டியலிட்டு, மாவட்ட ஆட்சியர்கள் கையெழுத்திட்டால் போதும். இரவுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கி அதை ஊராட்சிக்கே விட்டுவிடலாம். துப்புரவு செய்பவருக்குக் கூலி அதிலிருந்து போகும். ஒருவர் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி வைக்கலாம், அடைமழை நாள்களைத் தவிர. ரயில்வேயிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்யும் முறை இப்போதும் இருக்கிறது. ஆனால் சிறிய நிலையங்களில் வண்டி நிற்கும் ஓரிரு நிமிடத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் ஏற்ற முடிவதில்லை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாள்களில் மட்டுமாவது, கடலோரப் பாதைகளில் ஓடும் பயணிகள் ரயில்களில் சைக்கிளை உள்ளேயே ஏற்றிக்கொண்டு திருவாரூர், காரைக்குடி, மதுரை என்று உள்நாட்டுக்கு நகர அனுமதிக்கலாம். விடுதிகள் மிக அரிதாக உள்ள ராமநாதபுரம் - தூத்துக்குடிப் பகுதியிலும், புயல்கள் அடிக்கடி கரையேறும் கடலூர் - கோடியக்கரைப் பகுதியிலும் இதை முதலில் தொடங்கலாம். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளுக்கும் பட்டியலையும் சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணையும் அதற்குள் வெளியிட்டுவிட முடியும்.